இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்

கத்தரிச் செடியின் நுனியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ தெரிகிறது. உடனே வேப்பெண்ணெய் பாட்டிலைத் தேடுகிறோம். மாடித்தோட்டத்தில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. வந்திருப்பது என்ன பூச்சி, அதைத் தின்ன வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே அடித்துவிடுகிறோம்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு பங்குனி மாதம் கத்தரியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. அதற்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க, சில ஊர்ந்துகொண்டிருந்தன. தாய்ப்பூச்சி போலிருக்கிறது என்று நினைத்து அவற்றைத் தேடித் தேடி நசுக்கினேன். அவை மாவுப்பூச்சியே இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சிதான் அவற்றுக்குச் சாப்பாடு. எனக்கு உதவ வந்தவற்றை என் கையாலேயே கொன்றேன் என்று பிறகு தெரிந்தபோது மனது மிகவும் கஷ்டப்பட்டது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மாவுப்பூச்சியைக் குச்சியால் தொட்டால் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று நடக்கும், இழைகளும் நீளமாக இருக்கும். வளர்ந்த வண்டுக்குக் கறுப்பு உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை.

பூச்சிக்குப் பூச்சிதான் சரியான எதிரி என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி என்று எதையும் விடவில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அதன் உடம்பில் சரியாகப் படவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். இவை மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்பவை. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி, மருந்துக்கு அடங்காத அந்தப் பூச்சியை அடக்கிவிட்டது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. புள்ளி வைத்த வண்டெல்லாம் நல்லது என்று விட்டுவிடுவது. கத்தரி இலை சல்லடை மாதிரி சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் நிற்கிறதா? அது எபிலாக்னா வண்டின் வேலை. பொறிவண்டின் சொந்தம்தான், ஆனால் இலையைத் தின்னும். நல்ல பொறிவண்டு பளபளவென்று இருக்கும். இது மங்கலான செம்பழுப்பு, சிறு கறுப்புப் புள்ளிகள் நிறைய இருக்கும், மேலே மெல்லிய ரோமம். மஞ்சள் நிறத்தில் முள்முள்ளாக இருக்கும் இதன் புழுக்களை இலைக்கு அடியில் பார்க்கலாம். காலையில் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும்.

எறும்பைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியும் மாவுப்பூச்சியும் கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டு வந்தால் விரட்டும். எறும்பு வரிசை போய்க்கொண்டிருக்கும்வரை என்ன அடித்தாலும் பூச்சி திரும்ப வரும். அதற்காகத் தொட்டியைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி. தண்ணீர் ஊற்றும்போது கரைந்து, நாம் பறித்துத் தின்னும் கீரையின் மண்ணுக்குப் போகலாம். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிளை சுவரிலோ கொடியிலோ உரசாமல் பாருங்கள்.

சரி, வேப்பெண்ணெய்க்கு வருவோம். "நானும் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களிடம் எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டால் பதில் அதிலேயே கிடைத்துவிடும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணீர் தெளிக்கும், கடைசியில் எண்ணெய் மட்டும் வந்து இலை கருகும். கொஞ்சம் காதி சோப்பைத் துருவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, பால் போல வெளுக்கும்வரை கலக்குங்கள். அப்புறம் மீதித் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவமோ துணி சோப்புத்தூளோ வேண்டாம், இளம் இலையை அவை பொசுக்கும். இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்ற செடிகளுக்குப் போங்கள்.

அடிக்கும் நேரம் மாலை. வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தேனீயும் அந்த நேரத்தில் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். முக்கியமாக, இலைக்கு அடியில் அடியுங்கள். வெள்ளை ஈ, அசுவினி, சிவப்புச் சிலந்தி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கின்றன. மறுநாளே பூச்சி செத்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேம்பு அதைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்யும். முட்டையை அது முழுதாக அழிக்காது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

மிளகாயில் இலை சுருண்டால் எல்லாருக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறார்கள். சுருளும் பக்கத்தைப் பாருங்கள். இலை மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு எலிவால் போல ஆனால் அது செடிச்சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்தி, வீட்டுச் சிலந்தி அல்ல. சிலந்தி பூச்சி இனமே இல்லை, அதனால் பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாமல், அதைத் தின்பவற்றை மட்டும் கொன்று நிலைமையை மோசமாக்கும். சிலந்திக்கு, தண்ணீரில் கலந்து அடிக்கும் நனையும் கந்தகத் தூள் கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும். கடும் வெயிலிலும் கந்தகம் வேண்டாம்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகப் பின்னினால் மருந்துக்கு அலைய வேண்டாம். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது, செடியைக் குணப்படுத்த வழியில்லை. பிடுங்கி அப்புறப்படுத்தி, மற்ற செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். கத்தரியின் நுனித்தண்டு ஒன்று மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, மேலே அடிப்பது அதைத் தொடாது. வாடிய இடத்துக்குக் கீழே ஒரு அங்குலம் சேர்த்து வெட்டி நசுக்கிவிடுங்கள்.

பாகல், புடலையில் பிஞ்சு வளைந்து பழுத்து உதிர்ந்தால் பெரும்பாலும் பழ ஈ. அந்தக் காயை எருவாகட்டும் என்று தொட்டியிலேயே போடுவதுதான் இங்கே தவறு. உள்ளிருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி வரும். சொத்தைக் காயைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். பிஞ்சு பிடித்ததும் துணிப்பையோ காகிதமோ சுற்றுங்கள். பொறி வாங்குகிறவர்கள், பாகல், புடலைக்கு க்யூலூர் என்ற ஈர்ப்புப் பொருள் வைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினால் இதற்குப் பயன்படாது.

வயலுக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று மாடிக்குக் கொண்டுவராதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறியில் பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. சமையலறைக் கரப்பான் ஸ்பிரேயைக் கீரையில் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாளை அந்தக் கீரை குழந்தையின் தட்டுக்கு வரும். புகையிலைக் கரைசலும் இயற்கை என்று நம்பக்கூடியதல்ல. நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். புகையிலையின் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும்.

செடி செழிக்கட்டும் என்று வாராவாரம் கடலைப்புண்ணாக்குக் கரைசலை ஊற்றுவதையும் குறையுங்கள். தழைச்சத்து கூடினால் வரும் கொழுகொழு துளிரைத்தான் அசுவினி முதலில் மொய்க்கும்.

ஓரத்தில் ஒரு தொட்டி தட்டைப்பயறு போடுங்கள். அசுவினி அதற்குப் போகும். கறுப்பாக மொய்த்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப் பிடுங்கிவிட வேண்டாம். எறும்பை மட்டும் தடுத்துவிட்டுக் காத்திருங்கள். பொறிவண்டுகள் அங்கே வந்து முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் பறந்து போகும்.