ஜப்பானிய மொழி: தமிழருக்கு எங்கே வழுக்கிக்கொண்டு ஓடும், எங்கே சறுக்கும்

ஜப்பானியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதனால் தமிழ் பேசுபவருக்குத் தொடக்கம் சுலபம். சறுக்கல் பிறகுதான்.

முதலில் ஹிரகானா என்ற எழுத்து வரிசை, 46 எழுத்து. நாளைக்கு ஐந்து எழுதிப் பழகினால் பத்து நாளில் முடியும்; அடுத்த பத்து நாள் இன்னொரு எழுத்து வரிசையான கத்தகானாவுக்கு. அதோடு உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைக்கும் நோட்டை மூடிவிடுங்கள். சாவியும் சிப்பியும் ஜப்பானியத்தில் வேறு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ககி’. சாவியில் இரண்டாவது எழுத்து ‘தங்கம்’ என்பதில் வரும் க, சிப்பியில் ‘பக்கம்’ என்பதில் வரும் க. குறில் நெடில் நமக்குத் தொல்லை தராது: ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. ‘கித்தெ’ (தபால்தலை) என்பதன் ஒற்றும் தானாக வரும். ஒற்று இல்லாத ‘கிதெ’ (வந்து) தான் நம் வாயில் ‘விதை’யின் த போல மெலிந்துவிடும். போனில் பதிந்து கேட்டால் உடனே தெரியும்.

அடுத்தது ‘தெ’ வடிவம். இது நம் வினையெச்சமேதான். தபெதெ: சாப்பிட்டு. மிரு: பார். ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்! ‘தபெதெ ஷிமாவு’ என்றால் சாப்பிட்டுவிடு. ஆங்கில விளக்கத்தைப் பிடித்துத் தொங்காமல் தமிழிலேயே யோசித்தால் பொருள் ஒரு மாலையில் பிடிபடும். வடிவ மாற்றத்துக்கு மட்டும் மனப்பாடம் வேண்டும்: ககு (எழுது) கைதெ ஆகும், யொமு (படி) யொண்டெ ஆகும்.

பெரிய சறுக்கல் ‘இல்’ உருபில். சென்னையில் இருக்கிறேன், சென்னையில் வேலை செய்கிறேன். நமக்கு இரண்டும் ஒன்று. அங்கே இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘டெ’. முதலில் எல்லா இடத்திலும் ‘நி’ போடுவார்கள். ‘டெ’ படித்த வாரத்தில், அதுவரை சரியாகச் சொன்ன ‘சென்னை நி இமஸ்’ கூட ‘சென்னை டெ இமஸ்’ ஆகிவிடும். பயப்பட வேண்டாம், புது விதியை மூளை அளவுக்கு மீறி நீட்டிப் பார்க்கிறது. கற்பவரின் மொழி இப்படித் தனக்கென்று ஒரு ஒழுங்கோடு நகர்வதைத்தான் மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் ‘இடைமொழி’ என்றார். சில பிழைகள் அப்படியே உறைந்துவிடும் என்பதும் அவர் சொன்னதே. ஐந்து ‘நி’ வாக்கியம், ஐந்து ‘டெ’ வாக்கியம், கலைத்துப்போட்டு இரண்டு வாரம் தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பயின்றால் பலன் குறைவு. தேர்ந்தெடுக்கும் பழக்கமே வராது.

திணைக் கணக்கையும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். நமக்கு நாய் அஃறிணை. ‘இருக்கிறது’ என்று சொல்ல அங்கே நாய்க்கும் மனிதருக்கும் ‘இமஸ்’, நாற்காலிக்கு ‘அரிமஸ்’.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5க்கு 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும். பேச்சுத் தேர்வு எந்த நிலையிலும் கிடையாது. சான்றிதழ் கையில் இருந்தும் கடையில் வாய் திறக்க முடியாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

நடு நிலையான என்3 நெருங்கும்போது பலர் தேங்கி நிற்பது கஞ்சியில். (குடிக்கிற கஞ்சி இல்லை, சீன எழுத்து.) அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன. உயிர், பிறப்பு என்று பொருள்படும் ஒரே எழுத்து ‘சென்செய்’ (ஆசிரியர்) என்பதில் ‘செய்’, பச்சை முட்டையான ‘நமா தமகோ’வில் ‘நமா’. ஆகவே மனப்பாட அட்டையில் தனி எழுத்தை எழுதாதீர்கள், சொல்லை எழுதுங்கள். இன்றைக்குப் புதிதாய் ஐந்து, நேற்றைய ஐந்து, போன வாரத்து ஐந்து. போன வாரத்தில் இரண்டுக்கு மேல் மறந்திருந்தால் அன்று புதியது வேண்டாம்.