‘இட்’ நாவலைப் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீஃபன் கிங்கின் ‘இட்’ நாவலைப் படித்த இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், பத்து நிமிடத்துக்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: “ஜவ்வு மாதிரி இழுத்திருக்கார், பாதியை வெட்டியிருக்கலாம்.” மற்றவர் உடனே, “முதல்ல நீ முழுசாப் படிச்சியா?” என்பார். அப்புறம் பேச்சு புத்தகத்தைப் பற்றி இருக்காது. யாருக்குப் பொறுமை அதிகம், யார் உண்மையான ரசிகர் என்று திசைமாறிப் போய்விடும்.

எனக்கு இந்த நாவல் உயிர். மூன்று முறை படித்திருக்கிறேன். அதில் எங்கே தடுக்குகிறது என்பதும் தெரியும். நல்ல வாதமாக வந்திருக்க வேண்டிய பேச்சுகள் வீணாய்ப் போனதைப் பலமுறை பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். கதையின் கடைசிப் பக்கம் வரை பேசப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வந்தால் நல்லது.

கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டெர்ரி என்றொரு கற்பனை ஊர். ஏறக்குறைய 27 வருடத்துக்கு ஒருமுறை அந்த ஊரின் அடியில் ஒன்று கண்விழித்து, பெரும்பாலும் கோமாளி உருவில் வந்து குழந்தைகளைக் கொல்கிறது. 1958 கோடையில் ஏழு பிள்ளைகள் அதை எதிர்த்து நிற்கிறார்கள். 1985இல் நாற்பதை நெருங்கும் வயதில் அவர்களே திரும்ப வரவேண்டியிருக்கிறது. 1986இல் வந்த முதல் பதிப்பு 1,138 பக்கம்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் முதல் தவறு. “ஐந்நூறு பக்கம் அதிகம்” என்பவரிடம் “எந்த ஐந்நூறு?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. “1,100 பக்கம் எழுதினதே சாதனை” என்று எதிர்ப்பக்கம் சொல்வதும் இதே தவறுதான். நீளம் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு குறிப்பிட்ட அத்தியாயத்தில் அந்த நீளம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் பேச ஏதாவது கிடைக்கும்.

அந்த ஏழு பேரில் ஒருவனான ஸ்டான் யூரிஸ் குளிக்கப் போகும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985. ஸ்டானும் அவன் மனைவியும் அட்லாண்டா பக்கம் வசதியாக வாழ்கிறார்கள். ஒரு சாயங்காலம் மனைவி டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். டெர்ரிக்குத் திரும்ப வரச் சொல்லி ஃபோன் வருகிறது, ஸ்டான் பேசுகிறான். வைத்துவிட்டு, குளிக்கப் போகிறேன் என்று மாடிக்குப் போகிறான். கிங் உடனே அவன் பின்னால் போவதில்லை. மனைவியோடு கீழேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர்கள் சந்தித்தது, பணம் இல்லாமல் தவித்த வருடங்கள், தொழில் தலைதூக்கியது, பிள்ளை பிறக்காத ஏக்கம், அதற்குக் காரணம் தானோ என்று ஸ்டான் நினைப்பது என்று ஒரு முழுத் தாம்பத்தியமே பக்கம் பக்கமாக வருகிறது. அவள் மாடிக்குப் போய்க் குளியலறைக் கதவைத் திறக்கப் பார்க்கிறாள். உள்ளே தாழ்ப்பாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஸ்டான் தாழ்ப்பாள் போடுகிறவன் இல்லை என்பது அதற்குள் அவளைப் போலவே நமக்கும் தெரிந்துவிட்டது. அவன் உயிரோடு இல்லை என்பதும்தான்.

ஒரு கணக்காளர் பயத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று இதை ஒரே வரியில் எழுதியிருக்கலாம். செய்தி வந்து சேர்ந்திருக்கும், இழப்பு வந்து சேர்ந்திருக்காது. அந்த அத்தியாயத்தின் நீளம் அந்தத் திருமணத்தின் நீளம்.

சினிமாவை மனதில் வைத்துக்கொண்டு நாவலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பிடிபடாமல் போவதும் இதுதான். 2017இல் வந்த படம் சிறுவர்களின் கதையை மட்டும் சொன்னது, அதையும் 1989க்கு மாற்றி. பெரியவர்களின் கதை 2019 படத்துக்குப் போயிற்று. கேட்க நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் நாவலில் ஸ்டானின் சாவு ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பறவைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரியும் பையனாக அவனைப் பார்க்கிறோம். தண்ணீர்க் கோபுரத்துக்குள் செத்த பையன்கள் நெருங்கி வரும்போது, அந்தப் புத்தகத்தை முன்னால் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த பறவைகளின் பெயர்களைக் கத்திக் கத்தியே அவன் தப்பிக்கிறான். படிக்கிற நமக்கு அந்தக் குளியலறை ஞாபகம் வருகிறது. தப்பித்துவிட்டான் என்ற நிம்மதியும், எவ்வளவு காலத்துக்கு என்ற வேதனையும் ஒரே வரியில் சேர்ந்து வருகின்றன. இரண்டு காலத்தையும் பிரித்து இரண்டு படமாக்கினால் இது போய்விடும். நாவலின் கடைசிப் பகுதியில் 1958இல் தொடங்கும் ஒரு வாக்கியம் பாதியில் நின்று, 1985இல் முடிகிறது. அந்த அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. படங்களைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. படம் பார்த்த அபிப்பிராயத்தை நாவலின் மேல் ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த தவறு எனக்கு ரொம்ப வலிக்கிற ஒன்று: இடையிடையே வரும் டெர்ரியின் வரலாற்றைத் தாண்டிப் போகச் சொல்வது. “மைக் எழுதுற குறிப்பெல்லாம் விட்டுடு, கதை நிக்காது” என்று புதிதாகப் படிப்பவர்களுக்கு யோசனை சொல்கிறார்கள். ஏழு பேரில் ஊரைவிட்டுப் போகாதவன் மைக் ஹன்லன். நூலகராக இருந்துகொண்டு ஊரின் பழைய கொடுமைகளைத் தேடித்தேடி எழுதி வைக்கிறான். 1906 ஈஸ்டர் நாளில் இரும்பாலை வெடித்து 102 பேர் செத்தது அதில் ஒன்று. அவர்களில் 88 பேர் குழந்தைகள்.

இந்தக் குறிப்புகளைத் தாண்டினால் என்ன இழப்பு என்பதற்கு ஒரே ஆளைக் காட்டுகிறேன். மருந்துக்கடைக்காரர் கீன். 1929இல் பிராட்லி கும்பல் என்ற கொள்ளைக்காரர்கள் டெர்ரிக்கு வந்தபோது, ஊர்க்காரர்களே துப்பாக்கியோடு நடுத்தெருவில் கூடி அவர்களைச் சுட்டுத் தள்ளிய கதையை அவர் மைக்கிடம் சொல்கிறார். வெயில் அடித்தும் நிழல் விழாத ஒரு கோமாளி தங்களோடு நின்று சுட்டதையும் சேர்த்தே, கொஞ்சமும் பதறாமல் சொல்கிறார். அப்புறம் ஊரே அப்படி ஒன்று நடக்காதது மாதிரி இருந்துவிட்டதாம். இதே கீன்தான் 1958இல் ஏழு பேரில் ஒருவனான பதினொரு வயது எடியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் இன்ஹேலரில் இருப்பது மருந்தே இல்லை, மருந்து வாசனைக்காகக் கொஞ்சம் கற்பூரம் சேர்த்த வெறும் தண்ணீர் என்று சொல்கிறவர். சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லும்போது அந்த மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? பிராட்லி பகுதியைப் படித்தவர்களுக்கு அது புரியும். தாண்டிப் போனவர்களுக்கு அவர் கொஞ்சம் கடுகடுப்பான கடைக்காரர், அவ்வளவே.

டெர்ரிக்கு முன்மாதிரி கிங் வாழ்ந்த பேங்கர் நகரம். பேங்கரில் 1937இல் பிரேடி என்ற கொள்ளைக் கும்பலின் தலைவன் சுடப்பட்டது நிஜச் சம்பவம். அங்கே சுட்டது எஃப்.பி.ஐ. ஆட்கள். நாவலில் கிங் துப்பாக்கியை ஊர்க்காரர்களின் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஒரு மாற்றத்தை வைத்தே ஒரு மணி நேரம் வாதாடலாம். 1984 ஜூலையில் சார்லி ஹோவர்ட் என்ற இளைஞரை, அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக, மூன்று பையன்கள் பேங்கரில் ஒரு பாலத்திலிருந்து ஓடைக்குள் தூக்கிப் போட்டுக் கொன்றார்கள். நாவலில் ஏட்ரியன் மெலனின் கொலை அதிலிருந்து வந்தது. பாலத்துக்கு அடியில் கோமாளி நிற்கிறது, சரி. ஆனால் தூக்கிப் போட்ட கைகள் மனிதக் கைகள். அந்த அத்தியாயத்தைத் தேவையில்லாத கிளைக்கதை என்று ஒருவர் சொல்லும்போது எனக்குப் பேச்சே வருவதில்லை.

“எனக்குப் பயமாவே இல்ல” என்பது இன்னொரு வாதம். நியாயமான அனுபவம்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் திடுக்கிட வைப்பதை மட்டும் திகில் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இந்த நாவல் தோற்கத்தான் செய்யும். ஏழு பேரில் ஒரே பெண்ணான பெவர்லியின் வீட்டு வாஷ்பேசினைப் பாருங்கள். ஓட்டைக்குள்ளிருந்து குழந்தைகளின் குரல் கேட்கிறது, ரத்தம் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறிக்கிறது. அவள் அலறுகிறாள். அப்பா ஓடி வருகிறார். அவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிலந்தியைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று அவள் பொய் சொல்கிறாள், அடி வாங்குகிறாள். அப்புறம் அந்தக் குளியலறையிலேயே பல் தேய்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது ரத்தத்தைப் பார்த்து இல்லை. அதைப் பார்க்காத அப்பாவைப் பார்த்து.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்த நாவலிலேயே எனக்குப் பிடித்த இடம். எடி, பென், ஸ்டான் மூவரையும் அவள் வீட்டுக்குக் கூட்டிவருகிறாள். அவர்களுக்கு ரத்தம் தெரிகிறது. பெரிய வசனம் எதுவும் கிடையாது. வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு நாலு பிள்ளைகளும் அந்த அறையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். கறைபட்ட துணிகளைச் சலவைக் கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். தண்ணீர்க் கோபுரத்தில் தான் பார்த்ததை ஸ்டான் அங்கேதான் சொல்கிறான். உனக்குத் தெரிவது எனக்கும் தெரிகிறது என்று ஒருவர் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை இவ்வளவு சாதாரணமான வேலையில் காட்டிய பேய்க்கதையை நான் வேறு படித்ததில்லை. இந்த நாவலின் பயமும் பாசமும் ஒரே இடத்தில் ஊறுகின்றன. கதாபாத்திரங்களைப் பற்றிய பக்கங்கள் தனி, திகில் பக்கங்கள் தனி என்று பிரித்து மதிப்பெண் போட முடியாது.

வெட்டியிருக்கலாம் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ 1978இல் வந்தபோது கையெழுத்துப் பிரதியில் ஏறக்குறைய 400 பக்கம் வெட்டப்பட்டிருந்தது. புத்தகம் பெருத்தால் விலை ஏறும் என்ற கணக்குதான் காரணம். 1990இல் வெட்டியதில் பெரும்பகுதியைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார். 823 பக்கப் புத்தகம் 1,152 பக்கமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பதில் ஒரே மாதிரி வராது. முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான ஃபிரானுக்கும் அவள் அம்மாவுக்கும் நடக்கும் சண்டை திரும்ப வந்ததில் ஃபிரானே முழு ஆளாகிறாள். டிராஷ்கேன் மேன் என்ற பாத்திரம் ‘கிட்’ என்பவனோடு பயணம் செய்யும் பகுதி இல்லாமலே போயிருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லிப் பேசும் பழக்கம் இப்படி ஒப்பிட்டால் தானாக வந்துவிடும்.

ரசிகர்கள் செய்யும் பெரிய தவறு, குறைகளை மூடி மறைப்பது. எதிரிக்குக் கடைசியில் ஒரு பெரிய சிலந்தியின் உருவம் கிடைப்பது சப்பென்றுதான் இருக்கிறது. பல உருவம் எடுக்கும் ஒன்று எந்த உருவத்தில் நின்றாலும் சிறுத்துப் போகும் என்பது உண்மைதான், ஆனாலும் அது சமாதானம் ஆகாது. அதைவிடப் பெரிய விஷயம், சாக்கடைக்குள் அந்தப் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு பாலியல் காட்சி. அது இருந்திருக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். குழந்தைப் பருவம் முடிவதன் குறியீடு என்று விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைகளின் மனதை இவ்வளவு அருகில் போய் எழுதிய ஒருவருக்கு அதைச் சொல்ல வேறு நூறு வழி இருந்தது. இந்த நாவலை ஒருவரிடம் பரிந்துரைக்கும்போது இப்படி ஒன்று வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால், அவர் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரும்போது புத்தகத்தின் மேல் மட்டுமல்ல, நம் மேலும் கோபம் வரும். அதே சமயம், அந்தச் சில பக்கங்களை மட்டும் சொல்லி மொத்த நாவலையும் தூக்கிப் போடுகிறவரிடம் சலவைக் கடையைப் பற்றியும் கேட்க வேண்டும்.

கடைசியாக, முடிவை மகிழ்ச்சியான முடிவு என்று எடுத்துக்கொள்வது. 2019 படத்தின் முடிவில் நண்பர்களுக்கு இந்த முறை எதுவும் மறப்பதில்லை, அதனால் வரும் குழப்பம் இது. நாவலில் எதிரி சாகிறது, ஊர் வெள்ளத்தில் இடிந்து விழுகிறது, அப்புறம் உயிர் பிழைத்தவர்கள் மறுபடி மறக்க ஆரம்பிக்கிறார்கள். 1958க்குப் பிறகு ஊரைவிட்டுப் போனதும் ஒருவரை ஒருவர் மறந்தார்களே, அதே மாதிரி. இந்த முறை ஊரிலேயே இருந்த மைக்குக்கும் மறக்கிறது. செத்துப்போன நண்பனின் குடும்பப் பெயர் ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. முகவரிப் புத்தகத்தைப் புரட்டுகிறான். அவன் கையாலேயே எழுதிய பெயர்களும் எண்களும் மங்கிக்கொண்டிருக்கின்றன. பெவர்லி, பென், ரிச்சி, பில். நமக்கு அத்தனை பேரையும் தெரியும், ஸ்டானின் பறவைப் புத்தகம் வரைக்கும்.