மறுகுடியமர்வு வீடுகள்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிசைவாழ் மக்களை வேறிடத்தில் வீடு கட்டிக் குடியமர்த்தும் மறுகுடியமர்வுத் திட்டங்களில் வேலைக்குச் சேரும் இளைஞர்களின் வரைபடங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். பழைய குடியிருப்புகளைப் பாழாக்கிய அதே பிழைகள் அவற்றிலும் இருக்கும். ஜன்னல் அளவு, கழிவுநீர்க் குழாயின் சாய்வு போன்றவற்றை மேலதிகாரி திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வீடு வீடாகக் குலுக்கல் போடுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடிகளும் கொண்ட கட்டடங்கள். அங்கே ஒரு மீன்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கூவம் கரையில் இருந்தவரை, விடிவதற்கு முன்பே கூடையோடு சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாராம். தூங்குகிற பிள்ளையை எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். வீடு ஒதுக்கும் குலுக்கலில் அந்த அக்காவுக்கு வேறொரு பிளாக் விழுந்துவிட்டது. "பக்கத்துல யாருன்னே தெரியாது, புள்ளைய யார்கிட்ட சார் வுட்டுட்டுப் போறது?" என்றார். வியாபாரத்தையே விட்டுவிட்டிருந்தார்.

மாதச் சீட்டு, அவசரத்துக்குக் கைமாற்று, ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடிக்க ஓடுகிற ஆள் எல்லாம் அந்தச் சந்தில்தான் இருந்தது. அது சிதறியதும் சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்குப் போய்விடுகின்றன.

குலுக்கல் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. சிபாரிசும் லஞ்சமும் நுழையக் கூடாது. சரி, குலுக்குங்கள். ஆனால் ஒரு சந்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே சீட்டில் பெயர் கொடுக்கட்டும். அந்தச் சீட்டுக்கு ஒரே படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளைக் கீழிருந்து மேல்வரை ஒதுக்குங்கள். தரைத்தளம் எந்தப் பாட்டிக்கு, மாடி எந்த இளம் ஜோடிக்கு என்று அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு செங்கல்கூட வேண்டாம். கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயரோடு பக்கத்து வீட்டார் பெயரையும் எழுதிக்கொண்டால் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் "மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை" என்றே பதில் வருகிறது.

பேருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

நகர மையத்திலிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டு வேலைக்குப் போகிற பெண் காலை ஏழு மணிக்கெல்லாம் மயிலாப்பூரில் இருக்க வேண்டும். சாவி கொடுக்கும் நாளிலேயே விடியற்காலைப் பேருந்து ஓட வேண்டும். அப்புறம் வருகிற பேருந்து, வேலை போன பிறகுதான் வரும்.

நடைவழியை ஐந்து அடியாகச் சுருக்குவது

சுருக்காதீர்கள். பூ கட்டுவதும் பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான்.

கடைக்கு இடம் விடாதது

ஒவ்வொரு பிளாக்கின் தரைத்தளத்திலும் ஒன்றிரண்டு கடைகள் வையுங்கள். இட்லிக் கடை, தையல் கடை, பெட்டிக்கடை எதுவாக இருந்தாலும், ராத்திரி பத்து மணிவரை விளக்கு எரியும். வேலை முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்குகிற பெண்கள் அந்த வெளிச்சத்தில்தான் நடந்து வர வேண்டும்.