எலக்ட்ரிக் கிட்டாரில் எல்.இ.டி. விளக்கு: ஒலி கெடாமல் பொருத்துவது எப்படி?

கிட்டாருக்குள் எல்.இ.டி.யை எரியவைக்க அரை மணி நேரம் போதும். அந்த விளக்கின் இரைச்சல் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கேட்காமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலை இருக்கிறது. பிக்அப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கம்பி சுற்றிய சுருள். அருகில் எந்தக் காந்தப்புலம் மாறினாலும், அது தந்தியின் அதிர்வால் மாறியதா, பக்கத்து ஒயரில் ஓடும் மின்சாரத்தால் மாறியதா என்று பாராமல் பிக்அப் அப்படியே ஆம்புக்கு அனுப்பிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முயற்சியில், ரிமோட்டில் நிறம் மாறும் விளக்குப் பட்டையை வாங்கி பிக்கார்டுக்கு (கிட்டார் உடலின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தகடு) அடியில் ஒட்டினேன். முழு வெள்ளை வெளிச்சத்தில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த கணமே காதருகில் கொசு பறப்பதுபோல் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் எழுந்தது. இத்தகைய பட்டைகள் மின்னோட்டத்தை நொடிக்குப் பல நூறு முறை நிறுத்தி நிறுத்தித் தருவதன் மூலமே வெளிச்சத்தைக் குறைக்கின்றன, நிறங்களையும் கலக்கின்றன. அந்த விட்டுவிட்டு ஓடும் மின்னோட்டத்தைத்தான் பிக்அப் பிடித்துக்கொண்டது. ஆகவே ஒரே நிறம், ஒரே வெளிச்சம், பேட்டரியிலிருந்து நேராக வரும் சீரான மின்னோட்டம் என்ற மூன்றையும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது நல்லது. யு.எஸ்.பி. பவர் பேங்கைத் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான். அதற்குள்ளும் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்விட்சிங் சுற்று ஒன்று இருக்கிறது.

எங்கே பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. கழுத்தின் பக்கவாட்டில் 3, 5, 7, 9, 12 ஆகிய ஃபிரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நேரே ஒளிரும் புள்ளிகள்தான் பலருடைய ஆசை. ஆனால் அவற்றுக்கான ஒயரை ஃபிரெட் போர்டுக்கு அடியில் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், கழுத்தைச் செய்யும்போதே, போர்டை ஒட்டுவதற்கு முன்பாகவே பொருத்துவதுதான் முறை. செய்து முடித்த கழுத்தைத் துளைத்து, உள்ளே இருந்து கழுத்தை நேராக வைத்திருக்கும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்கு ஊறு செய்துவிட்டால் கிட்டாரே வீணாகிவிடும். எனவே இங்கே ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் பிக்கார்டை ஒளிரவைக்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

இதற்கு ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பிக்கார்டு ஒன்று வேண்டும். 3 மி.மீ. அல்லது அதற்கும் தடிமனான தகட்டை வெட்டிப் போட்டால், கழுத்தின் கடைசி ஃபிரெட் சற்றே வெளியே நீண்டிருக்கும் மாடல்களில் அது இடிக்கக்கூடும். பழைய பிக்கார்டின் தடிமனிலேயே வாங்குவது நல்லது. அதன் அடிப்பக்கத்தை 400 எண் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டு, வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் இருந்தது பனி படர்ந்தாற்போல் மங்கலாகிவிடும். ஒயர்கள் வெளியே தெரியாமல் மறைவதுடன், வெளிச்சமும் புள்ளி புள்ளியாக நிற்காமல் பரவும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய பிக்கார்டின் அடியில் பல கிட்டார்களில் அலுமினியத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். வெளி இரைச்சலைத் தடுப்பதும், வால்யூம், டோன் பாட்களின் (குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்கள்) உடல்களை ஒன்றோடொன்று இணைப்பதும் அதன் வேலை. அக்ரிலிக்குக்கு மாறும்போது இரண்டும் போய்விடும். ஆகவே பாட்களின் முதுகுகளை ஒரு ஒயரால் இணைத்து, சுற்றின் பொது இணைப்பான கிரவுண்டில் சேருங்கள். பிக்கார்டுக்கு அடியில் உள்ள மரக்குழியின் சுவர்களில் செப்புத் தாளை ஒட்டி அதையும் கிரவுண்டில் சேருங்கள். செப்பு வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும் என்பது கூடுதல் லாபம். ஆனால் எல்.இ.டி.யின் கால் எதுவும் அதைத் தொடக்கூடாது. சால்டர் செய்த ஒவ்வோர் இடத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் காப்புறை) போட்டாக வேண்டும்.

இனி மின்சுற்று. 3 மி.மீ. அளவுள்ள எட்டு நீல எல்.இ.டி.கள் போதும். ஒரு நீல எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. 9 வோல்ட் பேட்டரியில் இரண்டிரண்டாகத் தொடராக இணைத்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் 6 வோல்ட் போய், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். அங்கே 1 கிலோஓம் போட்டால் 3 மில்லிஆம்பியர் ஓடும். இருட்டான மேடைக்கு இதுவே தாராளம். நான்கு ஜோடிக்கும் சேர்த்து 12 மில்லிஆம்பியர்தான் ஆகும். சுமார் 500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள அல்கலைன் பேட்டரி, கணக்குப்படி 40 மணி நேரம் தரும். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் மங்கும் என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ரெசிஸ்டர் கட்டாயம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே போட்டுச் சிக்கனம் செய்தால், எல்.இ.டி.களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டால் ஒரு ஜோடி பளிச்சென்றும் இன்னொன்று அழுதுவடிந்துகொண்டும் எரியும். நீளமான கால் பாசிட்டிவ் என்பதை நினைவில் வைத்து, காலை வெட்டுவதற்கு முன்பே நெகட்டிவ் பக்கத்தில் மையால் குறியிட்டுவிடுங்கள்.

தந்திகளைத் தளர்த்தி, பிக்கார்டின் திருகுகளைக் கழற்றி (புதிய மாடல்களில் பெரும்பாலும் 11 இருக்கும்), எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒயர்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி.களைக் குழியின் விளிம்போரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் பாயும்படி சாய்த்து ஒட்டினால் பரவல் சீராக இருக்கும். ஒயர்களைப் பிக்அப்புக்குக் குறுக்கே இழுக்காமல் குழியோரமாகவே கொண்டுசென்று, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முறுக்கி விடுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் தடிமன் சுமார் 17.5 மி.மீ.; அது குழிக்குள் அடங்கினாலும் மாற்றும்போதெல்லாம் அத்தனை திருகையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், பின்பக்கத்தில் பேட்டரிப் பெட்டிக்கு இடம் குடைவதே என் பரிந்துரை. ரவுட்டர் (மரம் குடையும் கருவி) பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையைத் தச்சரிடம் விட்டுவிடலாம்.

ஸ்விட்சை அணைக்க மறந்து பேட்டரியைத் தீர்த்துவிடாமல் இருக்க ஓர் எளிய வழி உண்டு. கேபிள் செருகும் இரண்டு முனை மோனோ ஜாக்குக்குப் பதிலாக, டிப், ரிங், ஸ்லீவ் என மூன்று முனைகள் உள்ள ஸ்டீரியோ ஜாக்கைப் பொருத்தி, பேட்டரியின் நெகட்டிவை அதன் ரிங் முனையிலும், விளக்குகளின் நெகட்டிவை ஸ்லீவ் முனையிலும் இணையுங்கள். கிட்டாரின் சிக்னல் ஒயர் வழக்கம்போல் டிப் முனைக்கே போகும். சாதாரண கிட்டார் கேபிளைச் செருகும்போது ரிங்கும் ஸ்லீவும் இணைந்து விளக்கு எரியும். கேபிளை உருவினால் அணைந்துவிடும். விளக்கில்லாமல் வாசிக்க விரும்பினால் பாசிட்டிவ் ஒயரில் ஒரு சிறு டாகிள் ஸ்விட்ச் சேர்க்கலாம்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை பாசிட்டிவ் ஒயரில் தொடராக வைத்துப் பாருங்கள். 12 மில்லிஆம்பியருக்கு அருகில் காட்டினால் சரி. மிக அதிகமாகக் காட்டினால் எங்கோ கால் செப்பைத் தொடுகிறது. பிறகு ஆம்பில் இணைத்து, வால்யூமை முழுதாக வைத்து, தந்தியைத் தொடாமல் விளக்கைப் போட்டு அணைத்துப் பாருங்கள். ஸ்விட்சின் ‘டப்’ ஓசை ஒருமுறை கேட்கலாம், அதில் தவறில்லை. அடியில் ஓடும் இரைச்சல் மட்டும் மாறக்கூடாது.

கடைசியாகத் திருகுகள். பழைய பிளாஸ்டிக்கைப்போல் அக்ரிலிக் வளைந்து கொடுக்காது. பவர் டிரைவரைத் தொடாமல் கையாலேயே ஒவ்வொன்றாக முடுக்கி, திருகின் தலை தகட்டில் படிந்ததும் நிறுத்திவிடுங்கள்; அதற்கு மேல் கால் சுற்று கொடுத்தாலும் துளையிலிருந்து விரிசல் கிளம்பும், விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது அந்த விரிசலாகத்தான் இருக்கும்.