தனியாகப் படகைக் கட்ட நடுக்கயிறு

துணைக்கு ஆளில்லாமல் படகைத் துறையில் கட்டும்போது முன்கயிற்றை முதலில் கட்டாதீர்கள். காற்றடித்தால் பின்பக்கம் விலகிப் போய்விடும். படகின் நடுப்பக்கத்தில் இருக்கும் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்புப் பிடி) ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் பெரிய வளையமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். படகு கரையில் இடிக்காமல் தாங்கும் மெத்தைகளான ஃபெண்டர்களை முன்பே தொங்கவிட்டு, மெதுவாக நெருங்கி, அந்தக் கிளீட்டுக்குச் சற்றுப் பின்னால் வரும் கரைக்கட்டையில் வளையத்தை மாட்டுங்கள். எட்டாவிட்டால் கொக்கிக் கழி உதவும். அப்புறம் முன் கியர் போட்டு, இன்ஜினை ஐடிலிலேயே விட்டு, ஸ்டீயரிங்கைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கயிறு விறைத்ததும் படகு கரையோடு ஒட்டி நிற்கும். நிதானமாக இறங்கி மற்ற கயிறுகளைக் கட்டலாம். கயிற்றோடு கரைக்குத் தாவவே வேண்டாம், கால் நசுங்கிவிடும். இன்னொன்று, கயிறு தவறி விழுந்தாலும் புரொப்பெல்லரை எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.