ஏரி ஆழமும் மீன் வாழிடமும்: அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

எக்கோ சவுண்டர் திரையில் தெரியும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தக் கருவி ஆழத்தை அளப்பதில்லை. ஒலி அடித்தரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. பல கருவிகளில் அந்த வேகம் கடல்நீருக்கு ஏற்றபடி வினாடிக்கு 1500 மீட்டர் என்று வைக்கப்பட்டிருக்கும். 10 டிகிரி செல்சியஸ் நன்னீரில் அது ஏறத்தாழ 1447 மீட்டர்தான். எனவே 20 மீட்டர் ஆழம் 20.7 மீட்டராகத் தெரியும். அளவு குறித்த கயிற்றில் ஓர் உலோகத் தட்டைக் கட்டிக் கருவிக்கு நேர்கீழே இறக்கிப் பார்த்தால் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். பத்து நிமிட வேலை. ஆனாலும் பலர் செய்வதில்லை.

கருவியின் ஒலிமுனை, அதாவது ஒலியை அனுப்பிப் பெறும் பகுதி, நீருக்குள் 30 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தால் அதையும் கூட்ட வேண்டும். நடு ஏரியில் இது பொருட்டல்ல. மீன்குஞ்சுகள் ஒதுங்கும் கரையோரத்தில் மொத்த ஆழமே அரை மீட்டராக இருக்கும்போது, பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

நீர்மட்டத்தைக் குறிக்காமல் எழுதிய ஆழத்துக்கு மதிப்பில்லை. கரையில் அசையாத பாறையிலோ கட்டுமானத்திலோ ஒரு குறியிட்டு, ஒவ்வொரு நாளும் அதிலிருந்து நீர்மட்டத்தை அளந்து வையுங்கள். இல்லையெனில் மழைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்க முடியாது.

ஒலிக்கற்றை கீழே போகப் போக விரியும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 20 டிகிரி கற்றை 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 3.5 மீட்டர் அகலத்தைத் தொடுகிறது. அதற்குள் மிக அருகில் இருப்பது எதுவோ அதுவே முதலில் எதிரொலிக்கும். அதனால் செங்குத்தான சரிவு உள்ளதைவிட ஆழம் குறைந்ததாகத் தெரியும். குறுகிய பள்ளம் தெரியாமலே போகலாம். அடர்ந்த நீர்த்தாவரத்தின் உச்சியையும் கருவி தரை என்று காட்டக்கூடும். சந்தேகம் வந்தால் எடை கட்டிய கயிற்றை இறக்கிப் பார்ப்பதே நல்லது. பழைய முறை என்று இளக்காரம் வேண்டாம்: 1897 முதல் 1909 வரை ஸ்காட்லாந்தில் கடலியலாளர் ஜான் மர்ரே தலைமையில் 562 ஏரிகளை அளந்தது எடை கட்டிய கம்பியைக் கொண்டுதான்.

அளந்த புள்ளிகளின் சராசரியை ஏரியின் சராசரி ஆழம் என்று சொல்வதும் தவறு. படகு அதிகம் சுற்றிய பகுதி அந்தச் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். கொள்ளளவைப் பரப்பளவால் வகுப்பதே முறை.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் கையில் இருப்பது தரையின் வடிவம் மட்டுமே. அதை மீன்களின் முகவரியாக வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஆழமான ஏரிகளில் கோடையில் வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் பிரிந்து நிற்கும். இரண்டும் கலக்காததால், மட்கும் பொருள் மிகுந்த ஏரியில் கீழடுக்கின் ஆக்சிஜன் மெல்லத் தீர்ந்துபோகும். டிரவுட் போன்ற குளிர்நீர் மீனுக்கு மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல். எஞ்சுவது நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு. வரைபடத்தில் 30 மீட்டர் என்று கருநீலம் பூசிய இடம் அதற்கு வெறும் பாழ்நிலம். அதே ஆக்சிஜன் குறைவு, மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் விராலுக்கு அவ்வளவு பெரிய தடையில்லை. ஆகவே எந்த மீனுக்கான வாழிடம் என்று முடிவு செய்யாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது. வெப்பநிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் மீட்டருக்கு மீட்டர் அளக்க வேண்டும். மேற்பரப்பில் எடுத்த ஒற்றை அளவு போதாது.

நேரமும் முக்கியம். தாவரங்கள் நிறைந்த ஆழமற்ற நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். நண்பகல் அளவை மட்டும் நம்பினால் நெருக்கடி கண்ணில் படாது. பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் மேலேறும் மீன்களும் உண்டு.

பிடிக்கும் கருவியும் ஒருபக்கச் சார்புடையது. ஒரே கண்ணி அளவுள்ள செவுள் வலை குறிப்பிட்ட பருமனுள்ள மீன்களையே காட்டும். மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் முறை கரையோர ஆழமற்ற நீருக்கே ஒத்துவரும். வலை காலியாக வந்த இடங்களையும் ஆழம், நேரம், கண்ணி அளவு ஆகியவற்றுடன் பதிவு செய்யுங்கள். இல்லையெனில் மீன் இல்லாத இடத்துக்கும் யாரும் தேடாத இடத்துக்கும் பதிவேட்டில் வேறுபாடு தெரியாது.