பயனர் கணக்கை இடைநிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் ஒருவருடைய கணக்கைச் சில நாள்களுக்கு நிறுத்திவைக்கச் சொன்னால், கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவதே நிர்வாகிகள் அதிகம் செய்யும் தவறு. அந்தப் பூட்டு செய்வதெல்லாம், கடவுச்சொற்கள் பதிவாகும் ஷேடோ கோப்பில் அவருக்குரிய வரியில், கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவமான ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்ப்பதுதான். அதன்பின் எந்தக் கடவுச்சொல்லும் பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் பாம் (PAM) என்னும் நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பின் வழியாக அனுமதி சரிபார்க்கும் பெரும்பாலான சர்வர்களில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) இணைப்புக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக்கோப்பை வைத்திருப்பவர் வழக்கம்போல் உள்ளே வந்துவிடுவார். அவருடைய கிரான் பணிகளும் (தானாக இயங்கும்படி நேரம் குறித்துவைத்த பணிகள்) குறித்த நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவர் கட்டளைகளை இடும் நிரலான ஷெல்லை, நுழைவை மறுக்கும் நோலாகின் என மாற்றுவதும் தனியாக நின்றால் போதாது. முனையம் திறக்காதே தவிர, எஸ்எஸ்எச் வழியான போர்ட் ஃபார்வர்டிங் (பிற இணைப்புகளைச் சர்வர் வழியாகக் கடத்துவது) பல அமைப்புகளில் தொடர்ந்து வேலை செய்யும். இதே பெயரில் இன்னொரு பொறியும் உண்டு: அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி (/etc) அடைவில் நோலாகின் என்றொரு கோப்பை உருவாக்கினால், தலைமை நிர்வாகக் கணக்கான ரூட்டைத் தவிர எல்லாப் பயனர்களுக்கும் கதவு அடைபடும். ஒருவரை நிறுத்தப்போய் எல்லோரையும் வெளியே நிறுத்திய கதையாகிவிடும்.

கணக்குக்கே காலாவதித் தேதி இடுவதுதான் சரியான வழி. கணக்கின் அமைப்பை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் தேதிக்குப் பதில் 1 என்று கொடுத்தால், நாள்கள் 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படுவதால், 1970 ஜனவரி 2 அன்றே கணக்கு முடிந்துவிட்டதாகப் பொருள்படும். 0 கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அதைக் காலாவதியே இல்லாத கணக்கு என்றும் சில நிரல்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

காலாவதி புதிய நுழைவைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. ஆகவே முதலில் கணக்கை மூடி, அதன்பின் திறந்திருக்கும் அமர்வுகளை முடிக்க வேண்டும். வரிசையை மாற்றினால், துண்டிக்கப்பட்டவர் அடுத்த நொடியே திரும்ப நுழைந்துவிடுவார். இணைப்பு அறுந்தாலும் அமர்வைத் தொடரவிடும் டீமக்ஸ், ஸ்கிரீன் ஆகியவற்றில் பின்னணியில் ஓடும் நிரல்களையும் பார்க்க வேண்டும். கணக்கு களவாடப்பட்ட சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் உடனே நிறுத்துவதே முறை. விடுப்பில் சென்றவர் என்றால், நாள்கணக்கில் ஓடும் கணக்கீட்டை முடியவிடுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

தற்காலிகம் என்று சொல்லிவிட்டுக் கணக்கையே நீக்குவது மன்னிக்க முடியாதது. கோப்புகளை விட்டுவைத்து நீக்கினாலும், அவை வெறும் பயனர் எண்ணின் பெயரில் அநாதையாக நிற்கும். பிறகு சேரும் ஒருவருக்கு அதே எண் கிடைத்தால், அவை அவருக்கே சொந்தமாகிவிடும்.

மூடுவதற்கு முன் பழைய ஷெல்லையும் பழைய காலாவதித் தேதியையும் குறித்துவைப்பது அவசியம். ஒப்பந்தக் காலத்தோடு முடியவேண்டிய கணக்கை மீண்டும் திறக்கும்போது தேதியை வெறுமையாக விட்டால், அது நிரந்தரக் கணக்காகிவிடும். களவு காரணமாக மூடியிருந்தால், திறப்பதற்கு முன் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் அந்நியச் சாவி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்துவிட வேண்டும்.